மஞ்சள் படிவம்

அத்தியாயம் 14

கல்வி அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் நாலு நாளாக அந்த வீட்டில் ஐந்தாவது ஆளாகக் குடியிருந்தது. சாப்பாட்டு மேஜையில் அதற்கும் ஓர் இடம். யாரும் அதைத் தொடுவதில்லை, எடுத்து வேறு இடத்தில் வைப்பதும் இல்லை.

மற்ற நாலு பேர் யார் என்பதைப் போன வாரம் விட்டவர்களுக்காக ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஓரகத்திகள் இரண்டு பேர். மூத்தவள் அந்த அரசு ஆரம்பப் பள்ளியில் இருபத்திரண்டு வருஷமாக எழுத்தர். பள்ளிக்கூடமே அவளை ஆபீஸம்மா என்றுதான் கூப்பிடும். நாமும் அப்படியே கூப்பிடுவோம். அவள் கணவருக்குக் கப்பலில் வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வருவார். வீட்டில் எது எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே லீவு முடிந்து போய்விடும். இளையவள் அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு 'பி' பிரிவின் டீச்சர். அவள் கணவன், ஆபீஸம்மாவின் கொழுந்தன், அச்சகத்தில் மெஷின் ஓட்டியவன். அச்சகத்தை இழுத்து மூடி ஐந்து மாதம் ஆகிறது. நாலாவது, அவர்களுடைய ஒரே மகள். 'ஏ' பிரிவில் படிக்கிறாள். வாண்டு என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்.

ஓரகத்திகள் என்றால் உரசல் இருந்தே ஆக வேண்டும் என்று யாரோ சட்டம் போட்ட மாதிரி கதைகள் எழுதப்படுகின்றன. இவர்களுக்குள் அது இல்லை. டீச்சர் வேலைக்கு விண்ணப்பம் வாங்கி வந்து கொடுத்ததே மூத்தவள்தான்.

இப்போது போகப்போவதும் அந்த வேலைதான். கடிதம் அதைத்தான் சொல்லியது. நூறு பிள்ளைகளில் நாற்பது பேராவது கஷ்டப்பட்ட குடும்பத்துப் பிள்ளைகளாக இருந்தால்தான் பள்ளிக்குக் கூடுதல் நிதி வரும். அந்த நிதியிலிருந்துதான் டீச்சருக்குச் சம்பளம். ஆனால் ஏட்டில் இருப்பது, நூற்று நாற்பத்து மூன்று பிள்ளைகளில் பதின்மூன்று பேர். ஆகவே இந்த மாதத்தோடு 'பி' பிரிவு கிடையாது. ஆட்சேபம் இருந்தால், குறைந்தது ஐம்பத்தெட்டு பெற்றோர் வேலை, வருமானம் எல்லாம் புதிதாக எழுதிக் கையெழுத்திட்ட மஞ்சள் படிவங்களை வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்குள் கொண்டுவந்து தரலாம்.

இன்று வெள்ளிக்கிழமை.

பதின்மூன்று! அந்தத் தெருக்களில் அரை மணி நேரம் நடந்தவர்கள் இதைக் கேட்டால் சிரித்துவிடுவார்கள். சொந்த வீட்டுக்காரர்கள் ஏழெட்டு வருஷமாக ஒவ்வொருவராகத் தங்கள் பிள்ளைகளைப் பெரிய ரோட்டுத் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அவர்கள் வீட்டு மாடிகளில் ஒரு குடும்பம் இருந்த இடத்தில் இன்று மூன்று குடும்பம். கிடங்கில் மூட்டை தூக்குபவர்கள், சலவைக்கூடத்துப் பெண்கள், கட்டட வேலைக்கு எங்கிருந்தோ வந்து இங்கேயே தங்கிவிட்டவர்கள். டீச்சரின் வகுப்பில் இருக்கும் இருபத்தாறு பிள்ளைகள் வீட்டில் ஐந்து மொழி பேசுகிறார்கள்.

"எப்படிக்கா பதிமூணு ஆச்சு?" என்று நாலு நாளாக டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தெரியலயேம்மா," என்று சொல்லிவிட்டு, ஆபீஸம்மா ஒவ்வொரு தடவையும் அடுப்பைப் பார்க்கப் போனாள்.

காலை ஏழேகால். டீச்சர் தன் வீட்டுப் படிவத்தையே கணவன் முன்னால் நீட்டினாள். வேலை இல்லை என்று ஒருவரைப் பற்றி எழுதினால், அவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். அவள் போட்டுவிட்டாள்.

அவன் இஸ்திரி போட்ட சட்டையில் பித்தானை மாட்டிக்கொண்டே படித்தான்.

"வேலை இல்லைன்னு எழுதியிருக்கே."

"இல்லையே."

"தேடிட்டிருக்கேன். வேலை தேடறவன் வேற, வேலை இல்லாதவன் வேற."

"அதுக்குத் தனிக் கட்டம் கொடுக்கலைங்க அவங்க."

"இன்னிக்குக்கூட ஒரு இடத்துல வரச் சொல்லியிருக்காங்க. நாளைக்கே வேலை கிடைச்சாலும் இந்தப் பேப்பர் கல்வி ஆபீஸ்ல காலத்துக்கும் கிடக்கும். வாண்டு பேருக்குப் பக்கத்துல, அவ அப்பா வெட்டின்னு."

"கிடைக்கலைன்னா? என் சம்பளமும் போயிட்டா என்ன பண்றதா உத்தேசம்?"

அவன் சமையலறைப் பக்கம் திரும்பினான். "அண்ணி, நீங்களே சொல்லுங்க. எனக்குன்னு ஒரு மானம் வேண்டாமா?"

ஆபீஸம்மா இரண்டு பேரையும் பார்த்தாள். கொழுந்தனின் முகத்தில் நாலு நாள் தூக்கம் பாக்கி இருந்தது.

"விடும்மா," என்றாள் இளையவளிடம். "தம்பி இஷ்டம். நாம வேற ஆளைப் பார்ப்போம்."

யாருடைய தலையும் தன் முன்னால் குனியக்கூடாது ஆபீஸம்மாவுக்கு. அது அவள் சுபாவம். நல்ல சுபாவம்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு வந்திருக்கும் வினையெல்லாம் அதிலிருந்துதான் வந்தது என்பது டீச்சருக்கு இன்னும் ஒரு மணி நேரத்தில் தெரியப் போகிறது.

டீச்சர் பாதிக் கையெழுத்துப் படிவத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

எட்டேகாலுக்குப் பள்ளி வாசலில் ஆபீஸம்மா பரீட்சை அட்டையில் படிவங்களைச் செருகிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் டீச்சர், இரண்டு பேனாவோடு. தலைமையாசிரியை இல்லை. இரண்டு பள்ளிக்கு ஒரே தலைமையாசிரியை என்று ஆனதிலிருந்து இவர்கள் பங்குக்குப் பாதி ஹெச்.எம். தான் உண்டு. இன்று அந்தப் பாதி மற்றப் பள்ளியில்.

நாலு நாளில் முப்பத்தொரு படிவம் சேர்ந்திருந்தது. இன்னும் இருபத்தேழு.

கிடங்குச் சீருடையில் ஒரு அப்பா வந்தார். படிவத்தைத் தலைகீழாகப் பிடித்து, நேராகப் பிடித்து, திருப்பிக் கொடுத்தார்.

"சாப்பாடு எல்லாப் பிள்ளைக்கும் சும்மாதானே போடறீங்க? அப்புறம் என் சம்பளம் எதுக்கு உங்களுக்கு?"

"சாப்பாடு வேற, இது வேறங்க. இது டீச்சருக்காக. உங்க பையனுக்குத் தனி கிளாஸ் இருக்கணும்னா..."

"வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேன்."

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று ஓர் ஆண்பிள்ளை சொன்னால், மாட்டேன் என்பதை மரியாதையாகச் சொல்கிறார் என்று பொருள். டீச்சர் பேனாவை மூடினாள்.

அடுத்து ஓர் அம்மா. பாஷை தெரியாதவள். மஞ்சள் தாளைக் கண்டதும் பிள்ளையைத் தன் பின்னால் இழுத்து மறைத்துக்கொண்டாள். பள்ளியை விட்டு அனுப்பும் கடிதம் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அவள் பெண் நாலு மாதமாக டீச்சரின் வகுப்பில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பவள். டீச்சர் குந்தி உட்கார்ந்து, சைகையிலேயே விளக்கி, கையெழுத்து வாங்குவதற்குள் நாலு பேர் நழுவிவிட்டார்கள்.

இப்படிப் பிச்சு பிச்சு பதினாலு சேர்ந்தது. நாற்பத்தைந்து.

மணி அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது சலவைக்கூடத்து அம்மா மூச்சிரைக்க வந்தாள். கையில் இரட்டைப் பிள்ளைகள், முழங்கைவரை வெந்நீர் பட்ட சிவப்பு.

"என்ன ஆபீஸம்மா, வாசல்ல கடை போட்டிருக்கீங்க?"

"ஒரு கையெழுத்து வேணும்மா. இந்தப் படிவம்."

அவள் வாங்கிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இதுதானா? இதைத்தான் நீங்க வேண்டாம்னுட்டீங்களே!"

ஆபீஸம்மா அட்டையில் இருந்த படிவங்களைச் சரிசெய்தாள்.

"மறந்துட்டீங்களா? மூணு வருஷம் முன்னாடி, பெரியவனைச் சேர்க்க வந்தப்போ. ஜன்னல்ல நின்னு இதை எழுதிட்டிருந்தேன். எனக்குப் பின்னாடி வரிசையில எங்க வீட்டு ஓனரம்மா, அவங்க பேத்திக்கு டி.சி. வாங்க நிக்கறாங்க. எனக்கு எழுதவே வரலை. நீங்கதான் பேப்பரை என் கையிலேர்ந்து வாங்கி உள்ளே வச்சுட்டு, 'இந்த வருஷத்துலேர்ந்து சாப்பாடு எல்லாருக்கும் உண்டும்மா, இதையெல்லாம் எழுதி உங்களை நீங்களே எதுக்குக் குறைச்சுக்கணும்'னீங்க." அவள் டீச்சர் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு வீட்டுக்குப் போய் அழுதேன் டீச்சர். ஒருத்தராவது நம்மளை மனுஷியா மதிச்சாங்களேன்னு. எங்க சலவைக்கூடத்துல எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன். அந்த ஸ்கூல்ல போய்ச் சேருங்க, அங்க ஆபீஸம்மா யாரையும் எழுத வைக்க மாட்டாங்கன்னு."

நன்றியோடுதான் சொன்னாள். அதுதான் கொடுமை.

அவள் பிள்ளைகளை உள்ளே விட்டு, கையெழுத்தை மத்தியானம் போட்டுத் தருவதாகச் சொல்லி, ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஓடினாள்.

டீச்சர் மெதுவாகக் கேட்டாள்.

"எல்லாருக்குமே அப்படித்தான் சொன்னீங்களாக்கா?"

"மணி அடிச்சாச்சு. உள்ளே போம்மா."

"அக்கா."

"ஆமா," என்றாள் ஆபீஸம்மா.

காலியாக விட்ட படிவத்துக்கு 'உதவி தேவையில்லை' என்று அர்த்தம். அது ஆபீஸம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் உதவி என்றால் சாப்பாடு என்றுதான் அவள் நினைத்திருந்தாள். சாப்பாடு எல்லோருக்கும் வந்துவிட்ட பிறகு, இந்தத் தாள் எதற்கு மனிதர்களை ஜன்னலில் நிறுத்தி வெட்கப்பட வைக்க வேண்டும்? பீரோவின் கீழ்த் தட்டில் மூன்று வருஷத்துக் கட்டுகள் அப்படியே கிடந்தன. டீச்சரின் நாற்காலிக்கும் அந்தத் தாளுக்கும் முடிச்சு இருக்கிறது என்று கடிதம் வந்த அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

பத்தரை மணி இடைவேளையில் டீச்சர் ஸ்டோர் ரூமுக்கு வந்தாள். ஆபீஸம்மா அங்கே ஒரு வேலையும் இல்லாமல் சாக்பீஸ் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"தப்பு பண்ணினதுகூடப் பரவாயில்லைக்கா. யார்தான் பண்ணலை? நாலு நாளா நான் தலையைப் பிய்ச்சுக்கறேன், நீங்களும் என்கூட உக்காந்து 'தெரியலயே, தெரியலயே'ன்னு சொன்னீங்களே. அதைத்தான் என்னால தாங்க முடியலை."

"சொல்லணும்னுதான் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்தேன்."

"திறந்து?"

"உன் மூஞ்சியைப் பார்த்ததும் வரலை."

"எல்லார் மூஞ்சியையும் பார்த்து இரக்கப்பட்டீங்க. சரி. என் வகுப்புல அந்தப் பொண்ணு நாலு மாசமாப் பேசலை. போன வாரம்தான் என் சேலையைப் பிடிச்சு இழுத்துத் 'தண்ணி'ன்னு கேட்டா. ஒரே ஒரு வார்த்தை. அடுத்த மாசம் ஐம்பத்தோரு பிள்ளைங்களை ஒரே ரூம்ல அடைப்பாங்க. அப்போ அவ தண்ணி கேட்டா யார் காதுல விழும்?"

ஆபீஸம்மா அழவில்லை. அழுதால் இளையவள் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பாரத்தையும் அவள் தலையில் ஏற்ற மூத்தவளுக்கு மனம் வரவில்லை.

"இன்னும் பதிமூணுதான் வேணும். நான் சலவைக்கூடத்துக்குப் போயிட்டு வரேன்," என்றாள்.

சலவைக்கூடம் இரண்டு பஸ் தள்ளி. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளும் ஓட்டல் துண்டுகளும் வெளுக்கும் இடம். உள்ளே போனதும் ஆபீஸம்மாவின் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. காலையில் பார்த்தவள்தான் கையைப் பிடித்து மடிப்பு மேஜைவரை கூட்டிப் போனாள். அவளையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோர் பிள்ளைகளும் அந்தப் பள்ளியில்தான்.

"மூணு வருஷமா வேண்டாம்னுட்டு இப்ப ஏன் வேணும்?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அப்ப நான் பண்ணினது தப்பும்மா. அதனால உங்க பிள்ளைங்களுக்கு வரவேண்டிய டீச்சர் போகப்போறாங்க."

வாயால் சொல்லிவிட்டாள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

இன்னொருத்தி படிவத்தில் விரல் வைத்துக் காட்டினாள். "வீட்டில் வசிப்போர் எண்ணிக்கைன்னு இருக்கே. நாங்க ஒரு ரூம்ல எட்டுப் பேர். ஓனருக்கு நாலுன்னு சொல்லியிருக்கோம். இது அவர் கைக்குப் போகுமா?"

போகாதும்மா, கவலைப்படாதே என்று சொல்வதற்கு ஆபீஸம்மாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷப் பழக்கம்.

"எனக்குத் தெரியலம்மா," என்றாள்.

அந்தப் பெண் வெகுநேரம் யோசித்தாள். பிறகு எட்டு என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

மூன்று பத்துக்கு ஆபீஸம்மா பள்ளிக்குத் திரும்பியபோது பிள்ளைகள் போய்விட்டிருந்தார்கள். டீச்சர் அலுவலக மேஜையில் படிவங்களைப் பத்துப் பத்தாக அடுக்கினாள். மூன்று தடவை எண்ணினாள்.

"ஐம்பத்தேழு."

"சரியா எண்ணும்மா."

"நீங்க எண்ணுங்க."

ஆபீஸம்மா எண்ணினாள். ஐம்பத்தேழுதான்.

கல்வி அலுவலகம் போகும் பஸ் மூன்றரைக்கு. அதை விட்டால் அடுத்தது நாலேகாலுக்கு. கிடங்கு அப்பாவுக்குப் போன் போட்டார்கள், அடித்துக்கொண்டே இருந்தது. மற்ற இரண்டு பேர் எடுத்தார்கள், வெளியூரில் இருப்பதாகச் சொன்னார்கள். டீச்சர் தன் கைப்பையைத் திறந்து, காலையில் மடித்து வைத்த படிவத்தை மேஜைமேல் விரித்தாள். ஒரு கையெழுத்து இருந்தது. ஒரு கையெழுத்து இல்லை.

"அவருக்கு அஞ்சு தடவை பண்ணிட்டேன். போனை அணைச்சு வச்சிருக்கார். இன்டர்வியூன்னு சொன்னாரில்ல."

வெளியே பெருக்குகிறவர் பெஞ்சுகளை இழுக்கும் சத்தம் கேட்டது.

"தம்பி கையெழுத்து எனக்குத் தெரியும்," என்றாள் ஆபீஸம்மா. வாண்டுவின் மதிப்பெண் அட்டைகள் எல்லாம் அவள் கையால்தானே கோப்பில் போகின்றன.

டீச்சர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

"மூணு இருபது ஆச்சுக்கா."

போடுங்கள் என்று அவள் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இரண்டையும் சொல்லாமல் பிள்ளைகளின் தண்ணீர்க் குடத்தை மூடப் போனாள். திரும்பி வந்தபோது அந்த இடத்தில் கையெழுத்து இருந்தது, மை கொஞ்சம் ஈரமாக.

தாமாக எழுத வந்தவர்களை எழுத விடாதவள், எழுத மாட்டேன் என்று சொன்னவனுக்காக எழுதிவிட்டாள். எனக்கு அவள்மேல் கோபம் வருகிறது. அந்த இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

கல்வி அலுவலகத்துக் கவுண்டரில் சின்னப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். மூன்று ஐம்பத்திரண்டு. அவள் படிவங்களை ஒவ்வொன்றாக மெஷினுக்குள் விட்டாள். மறுபக்கம் அவை வரிசையாக வந்து விழுந்தன. ஆபீஸம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஐம்பத்தெட்டு. சரியா இருக்கு மேடம். நாற்பது பர்சென்ட் தாண்டிடுச்சு. போஸ்ட் தங்கிடும்."

"ரொம்ப நன்றிம்மா," என்றாள் ஆபீஸம்மா. நல்லா இரு, நூறு வருஷம் இரு என்று ஏதேதோ சொன்னாள்.

"இதுல என்ன இருக்கு மேடம். பெற்றோர் யாரும் மறுப்பு சொல்லலைன்னா அவ்வளவுதான்."

"மறுப்பா?"

"இந்த வருஷத்துலேர்ந்து புதுசு. ஒவ்வொருத்தர் போனுக்கும் மெசேஜ் போகும், உங்க குடும்பத்தை இப்படிப் பதிஞ்சிருக்கோம்னு. தப்புன்னா ரெண்டை அழுத்தணும். அழுத்தலைன்னா சரின்னு எடுத்துக்குவோம்."

"எப்பம்மா போகும்?"

"போயாச்சே மேடம். மெஷின்ல விட்டதுமே போயிடும்."

பஸ்ஸில் உட்கார இடமில்லை. ஆபீஸம்மா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கொழுந்தனுக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டுள்ளது. மறுபடியும் அதே குரல். நாலாவது தடவை மணி அடித்தது, எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை, வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்றது.

டீச்சருக்குப் போட்டாள். விஷயத்தைச் சொன்னாள்.

"நான் சொல்லிடறேன்கா அவர்கிட்ட."

"வேண்டாம். போட்டது நான். நானே சொல்றேன். வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் முதல் வேலை அதுதான். நீ வாயைத் திறக்காதே."

என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்தாள். தம்பி, உன் கையெழுத்தை நான் போட்டுட்டேன். உனக்குக் கோபம் வரும். திட்டு. ஆனா அந்த ரெண்டை மட்டும் அழுத்தாதே. மூன்று ஸ்டாப் வரைக்கும் இதையே சொல்லிக்கொண்டு வந்ததில், இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இறங்கி, திரும்ப நடந்தாள்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே சிரிப்புச் சத்தம். கொழுந்தன் வாண்டுவைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு கூடத்தின் நடுவில் நின்றான். மேஜைமேல், நாலு நாளாகக் கடிதம் இருந்த இடத்தில், கடிதத்தின் மேலேயே ஒரு இனிப்புப் பெட்டி. டீச்சர் சமையலறை நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தால் துக்கம் கேட்க வந்தவள் போல் இருந்தது.

"அண்ணி! திங்கட்கிழமையிலேர்ந்து!"

"தம்பி, நான் ஒண்ணு சொல்லணும்..."

"இருங்க அண்ணி, நான் முதல்ல. அட்டைப்பெட்டி கம்பெனி. ஆறு கலர் மெஷின். மானேஜர் என்னை ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓட்டினேன். கை மறக்கவே இல்லை அண்ணி! அங்கேயே ஆர்டர் அடிச்சுக் கையில கொடுத்துட்டார்."

ஐந்து மாதமாக அந்தக் குரலில் இல்லாதது இன்று இருந்தது. வாண்டு அப்பாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு குதித்தது.

"ரொம்ப சந்தோஷம் தம்பி. ஆனா..."

"இன்னொரு கூத்தைக் கேளுங்க. ஆர்டரை வாங்கிட்டு வெளியே வந்து போனை ஆன் பண்றேன், உடனே ஒரு மெசேஜ். 'உங்கள் குடும்பம் வேலையில்லாதோர் குடும்பமாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது'ன்னு. கையில வேலை ஆர்டரை வச்சுக்கிட்டு நிக்கறேன்! எனக்குச் சிரிப்பு அடங்கலை. டப்புன்னு ரெண்டை அழுத்திட்டேன்."

டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அழுத்தின அடுத்த நிமிஷம் கல்வி ஆபீஸ்லேர்ந்து போன். ஒரு பொண்ணு. 'சார், உங்க கையெழுத்து இருக்கே'ங்குது. நான் போடவே இல்லைம்மான்னேன். நல்லாப் பாருங்க, காலையில நீட்டினதையே போடாம வந்தவன் நான்." அவன் மனைவியைப் பார்த்துக் கேலியாகச் சிரித்தான். "இவதான் போட்டிருப்பாளோன்னு ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துச்சு. கேட்டேன். இல்லைன்னுட்டா."

ஆபீஸம்மா இளையவளைப் பார்த்தாள். இளையவள் கண்ணைத் திறக்கவில்லை.

"அப்போ யாரோ உங்க ஸ்கூல்ல விளையாடியிருக்காங்க அண்ணி. கணக்குக் காட்டறதுக்காக இஷ்டத்துக்கு எழுதியிருக்காங்க. நீங்க இருக்கற ஆபீஸ், கெட்ட பேர் உங்களுக்கில்ல வரும்? விட முடியுமா? திங்கட்கிழமை காலையில ஒன்பது மணிக்கு அதிகாரி நேர்லயே ஸ்கூலுக்கு வராராம், எல்லாப் படிவத்தையும் சரிபார்க்க. என்னையும் வரச் சொன்னாங்க. முதல் நாளே ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டிருக்கேன். நானே வந்து பக்கத்துல நிக்கறேன். யாருன்னு பிடிச்சுடலாம். நீங்க ஒண்ணுக்கும் பயப்படாதீங்க."

எல்லாப் படிவத்தையும். ஒரு ரூமில் எட்டுப் பேர் என்று எழுதிக் கொடுத்தவளின் படிவத்தையும்.

அவன் வாண்டுவை இறக்கிவிட்டு, பெட்டியைத் திறந்து, முதல் இனிப்பை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"முதல்ல உங்களுக்குத்தான் அண்ணி. இந்த அஞ்சு மாசம், என்னாச்சு ஏதாச்சுன்னு ஒரு வார்த்தை கேக்காம, என் தலை குனியாமப் பார்த்துக்கிட்டீங்க. காலையிலகூட, தம்பி இஷ்டம்னு விட்டீங்க. அதெல்லாம் நான் மறக்க மாட்டேன்."

டீச்சர் இப்போது கண்ணைத் திறந்து மூத்தவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்லுங்கள் என்று அந்தப் பார்வை கேட்டது. ஆபீஸம்மாவுக்கும் அது கேட்டது. பஸ்ஸில் மனப்பாடம் செய்த முதல் வார்த்தை நினைவுக்கு வந்தது. தம்பி.

அவன் முகத்தைப் பார்த்தாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு நிமிர்ந்திருந்தது.

"ஒன்பது மணிக்கா வராங்க?" என்று கேட்டாள்.

"ஆமா அண்ணி."

"சரி. கொஞ்சம் முன்னாடியே வந்துடு," என்று சொல்லிவிட்டு, இனிப்பை வாயில் போட்டுக்கொண்டாள்.

டீச்சர் வாண்டுவின் கையைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அந்த வீட்டில் இரண்டு ஓரகத்திகளுக்கு நடுவில் ஒரு கதவு தாழிடப்பட்டது அதுதான் முதல் தடவை.